ஏணியக்கா போட்ட ஜாயிண்ட்

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய பேனாவை ஏணியக்கா வாங்கவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கப்பல்களோடு பேசும் துறைமுக வானொலி நிலையத்தின் மாடி அறை அது. ஜன்னலோரம் இரண்டு கணினித் திரைகள். நடுவில் மேசை, மேசைமேல் ஒரே ஒரு தாள். அந்தப் பக்கம் நிலையப் பொறுப்பாளர், இந்தப் பக்கம் அவள். சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் வந்த அன்றே அவருக்குக் கண்ணாடி சார் என்று பேர் விழுந்துவிட்டது.

"நான் வேணா படிச்சுக் காட்டவா அக்கா?" என்றார் பொறுப்பாளர்.

"எனக்கே படிக்கத் தெரியும் சார். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பொறுங்க."

அவள் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். வரிமேல் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தாள். கோபுர உச்சியில் போன மாதம் அவள் மாற்றிய கேபிள் ஜாயிண்ட் சரியில்லை, அதனால்தான் நிலையத்துக்கு வரும் அலையின் அளவு திடீர் திடீரென்று விழுகிறது, இது தன் வேலைக் குறைபாடு என்று ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன் என்ற சொல்லில் விரல் நின்றது.

"இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"ஒன்னும் ஆகாது. சும்மா ஒரு சம்பிரதாயம்."

"என் கோபுர அட்டை?"

பொறுப்பாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கோபுர அட்டை என்பது ஒரு நீலநிற அட்டை. அது சட்டையில் தொங்கினால்தான் துறைமுகத்துக்குள் எந்தக் கோபுரத்திலும் கால் வைக்க முடியும். வேலைக் குறைபாடு என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் அட்டை ரத்து. மறுபடி வாங்க முடியாது.

"அதை முதல்ல சொல்லாம ஒன்னும் ஆகாதுங்கிறீங்க?"

"அக்கா, உங்களுக்கும் வயசு அறுபத்தொன்னு ஆச்சு. கௌரவமா ஒதுங்கிக்கலாம்..."

"செய்யாத தப்பை எழுதிக் குடுத்துட்டு ஒதுங்குறதுக்குப் பேரு கௌரவமா? உங்க வீட்டு அகராதியில அப்படியா போட்டிருக்கு?"

கண்ணாடி சார் குறுக்கே வந்தார். "அம்மா, கோபப்படாதீங்க. வெள்ளிக்கிழமை கம்பெனி ஆட்கள் வந்து அந்த ஜாயிண்ட்டை வெட்டி எடுத்துட்டு வேற போடப் போறாங்க. அதுக்கு முன்னாடி காரணத்தைப் பதிவு பண்ணணும். அதான்."

அன்று செவ்வாய்க்கிழமை. ஏணியக்கா தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினாள். "வேலை செஞ்சவங்க பதிவுக்கு முன்னாடி தாங்களே சோதிச்சுப் பார்க்கலாம்னு உங்க விதியிலயே இருக்கு. அட்டை குடுக்கும்போது நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க. நாளைக்குக் காலைல வரேன். குறை என் ஜாயிண்ட்ல இல்ல, உங்க பெட்டியிலதான் இருக்கு. காட்டிட்டுப் போறேன்."

"பெட்டியா?" கண்ணாடி சார் சிரித்துவிட்டார். "அது சாஃப்ட்வேர் ரேடியோம்மா. நீங்க பார்த்த பழைய ரேடியோ மாதிரி இல்ல."

"ஆன்டெனா வழியாத்தானே அதுக்கும் அலை போகுது? இல்ல, அதுக்குக் கனவுல வருதா?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

ஏணியக்கா வளர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு அவள் அப்படிப் பேசியது ஆச்சரியமாக இராது. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு அவளை டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் கம்பி சுற்றச் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் வாய்கள் எட்டு, சம்பாதிக்கும் கை ஒரு ஜோடி. பட்டறையில் மற்றப் பிள்ளைகள் சுற்றை எண்ணினார்கள். இவள் மட்டும் எதுக்கு இத்தனை சுற்று என்று கேட்டாள். "சொன்னதைச் செய்" என்றார் மேஸ்திரி. சொன்னதையும் செய்தாள், சொல்லாததையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வயதில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்துவிட்டாள். பொம்பளைப் பிள்ளை திறந்த ரேடியோ பாடுமா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களே பிறகு துணியில் சுற்றிய ரேடியோவோடு அதே வாசலில் நின்றார்கள். அவர்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கவைத்தாள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரு புயலில் எதிர் மாடியின் ஆன்டெனா சாய்ந்துபோனது. ஏறுவதற்கென்று வந்த ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலைவலி என்றான். அவள் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். கீழே நின்ற பையன்கள் "ஏய் ஏணி!" என்று கூவினார்கள். ஏணி என்பது அப்படிக் கேலிக்கு வைத்த பேர். அக்கா என்பது அவளே சம்பாதித்துச் சேர்த்தது. இதுவரை நூற்றுப் பதினேழு கோபுரம். அவள் போட்ட ஜாயிண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் இல்லை. செய்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் ரேடியோ வழியாகத்தான். லாரி ஓட்டுநர். லாரி ரேடியோவைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தவர், "எல்லா இடத்துலயும் நல்லாப் பாடுது. அந்த ஒலிபரப்பு நிலையத்தைத் தாண்டும்போது மட்டும் என் பாட்டு உள்ள போயிடுது. தட்டிப் பார்த்தேன், குத்திப் பார்த்தேன்" என்றார். அவள் ரேடியோவைத் திறக்கவே இல்லை. "ரேடியோவுக்கு ஒன்னும் இல்ல. பக்கத்துல பெருசா ஒருத்தன் கத்துறான். அது பயந்து காதைப் பொத்திக்குது. காதைப் பொத்தினா உங்க பாட்டும்தான் கேக்காது" என்றாள். அவர் மறுவாரமும் வந்தார். அப்போது ரேடியோ கொண்டுவரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மனிதர்தான் சமையலறை வாசலில் நின்று, விஷயம் முழுவதையும் கேட்டு முடித்தார். லாரி ஓட்டுவதை விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது வீட்டை ஓட்டுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

"போட்டுத்தான் குடேன். முட்டி வலிக்குதுன்னு தினம் என்கிட்டதான புலம்புற. அட்டை போனா முட்டிக்கு லீவு."

"முட்டி என்னோடது. எப்ப லீவு விடணும்னு நான் சொல்லுவேன். அவங்க சொல்லக் கூடாது."

"ஒருவேளை..." அவர் தயங்கினார். "ஒருவேளை ஜாயிண்ட்லயே ஏதாவது..."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டார். "இல்ல, சும்மா கேட்டேன். உன் ஜாயிண்ட் இடி விழுந்தாலும் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"வயசான காலத்துல பயம் வந்துடுச்சு உங்களுக்கு. போங்க, பரண்மேல அந்த நீல டப்பா இருக்கும், எடுத்துக் குடுங்க."

நீல டப்பாவுக்குள் இருந்தது அவள் கையாலேயே செய்த விசில் பெட்டி. சோப்புப்பெட்டி அளவு. உள்ளே ஒரு படிகத்துண்டு, நாலைந்து சில்லறைச் சாமான், ஒரு பேட்டரி. பொத்தானைத் தட்டினால் ஒரே இடத்தில், ஒரே அளவில், கூடாமல் குறையாமல் அலை விடும். காதால் கேட்க முடியாத விசில் அது. ரேடியோவுக்கு மட்டும் கேட்கும்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நிலைய மாடியில் இருந்தாள். கண்ணாடி சார் திரையைக் காட்டி விளக்கினார். அவளுக்குத் தெரியாததைச் சொல்லித்தரும் தோரணை. ஆனாலும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். தெரியாததைக் கேட்டுக்கொள்வதில் அவளுக்கு எப்போதும் வெட்கம் கிடையாது.

பழைய ரிசீவரில் குமிழும் சுருளும் செய்த வேலையை இதில் கணினியில் ஓடும் நிரல் செய்கிறது. சாமான் என்று இருப்பது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுதான். கடலுக்குள் இருக்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து ஒரு சின்னக் கருவி இரவும் பகலும் ஒரே அளவில் அலை அனுப்புகிறது. அது திரையில் நேர்கோடாக ஓட வேண்டும். இந்த ஒரு மாதமாகக் கோடு திடீரென்று பள்ளத்தில் விழுகிறது, பத்து இருபது விநாடி கிடக்கிறது, மறுபடி எழுந்துவிடுகிறது. அது விழும் நேரத்தில் தூரக் கப்பல்காரர்கள் பேசுவதும் கேட்பதில்லை.

"எப்பெல்லாம் விழுது பாருங்க," என்று ஒரு வரைபடத்தை எடுத்துப் போட்டார். "காலைல இல்ல. பதினோரு மணிக்கு மேல ஆரம்பிக்குது, மூணு மணி வரைக்கும் அடிக்கடி. வெயில் ஏறினதும் உலோகம் விரியுது, உங்க ஜாயிண்ட் விலகுது. நீங்க கேபிளை மாத்தின அதே வாரத்துலதான் இது தொடங்கியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார்.

"வெயில்ல விரிஞ்சா பத்து விநாடியில சுருங்கிடுமா சார்? நடுப்பகல்ல சூரியன் கண்ணாமூச்சி விளையாடுதா?" என்று கேட்டுக்கொண்டே ஏணியக்கா பையிலிருந்து மூன்று வாய் கொண்ட ஒரு கனெக்டரை எடுத்தாள். ஒரு வாயில் கோபுரத்திலிருந்து இறங்கும் கேபிள். இன்னொரு வாயில் விசில் பெட்டி. மூன்றாம் வாய் நேராக ரிசீவருக்கு.

"கேட்டுக்கோங்க. இந்த விசில் கோபுரத்துலேர்ந்து இறங்கி வரல. என் ஜாயிண்ட் வழியா வரல. இங்க மேசைமேலேர்ந்து நேரா உங்க பெட்டி வாய்க்குள்ள போகுது. என் ஜாயிண்ட்ல குறைன்னா கலங்கரை விளக்கக் கோடு மட்டும் விழணும். என் விசில் கோடு அசையாம நிக்கணும். ரெண்டும் சேர்ந்து விழுந்துச்சுன்னா?"

கண்ணாடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழுந்தா... ரிசீவர்தான். ஆனா விழாது."

"பார்க்கலாம்."

பொத்தானைத் தட்டினாள். தட்டிய மறுகணம் திரையில் விசில் கோடு கூரையைத் தொட்டது. கலங்கரை விளக்கக் கோடு தரையில் விழுந்தது. வெளியே வெயில்கூட ஏறவில்லை.

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா! குறையைக் கண்டுபிடிக்க வந்தீங்களா, கையோட கொண்டுவந்தீங்களா?"

ஏணியக்காவுக்கு முகம் சுட்டது. விசிலின் பலத்தைக் குறைக்காமல் அப்படியே சொருகிவிட்டாள். சின்னப் பிள்ளை செய்கிற தப்பு. பொத்தானை அணைத்தாள், கோடு எழுந்தது. போட்டாள், விழுந்தது. மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள். நாலாவது தடவை அவள் முகத்தில் இருந்த சூடு வேறு மாதிரி ஆகியிருந்தது.

"சிரிச்சது போதும் சார். இங்க வந்து பாருங்க. கேபிளைத் தொட்டேனா? ஜாயிண்ட்டைத் தொட்டேனா? இங்க பலமா ஒன்னு கத்துது, அங்க நல்லா வந்துட்டிருந்தது அமுங்கிப்போகுது. உங்க பெட்டி காதைப் பொத்திக்குது."

"அது தற்செயலா..."

"நாலு தடவையுமா தற்செயல்?"

பையில் கிடந்த ரெசிஸ்டர்களில் ஐந்தாறை எடுத்து, அங்கேயே மேசையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைச் சொருகி, விசிலின் பலத்தை மட்டுப்படுத்தும் ஒரு சின்னத் தடுப்பைப் பற்றவைத்தாள். அறுபத்தொரு வயதுக் கை. நடுங்குகிறதா என்று கண்ணாடி சார் குனிந்து பார்த்தார். நடுங்கவில்லை. இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைதியாக ஓடின.

இனி காத்திருப்பதுதான் வேலை. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. கோடுகள் அசையவில்லை. "வெயில் வரட்டும்," என்றார் கண்ணாடி சார். "வரட்டும், நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்," என்றாள் ஏணியக்கா. பொறுப்பாளர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேசை இழுப்பறையில் அந்தத் தாள் காத்துக்கொண்டிருப்பது அவர்கள் மூவருக்கும் தெரியும்.

பதினொன்று இருபதுக்குக் கோடு விழுந்தது.

ஒன்றல்ல. இரண்டும். ஒரே நொடியில், ஒரே ஆழத்துக்கு, கயிற்றில் சேர்த்துக் கட்டியதுபோல விழுந்தன. பதினாலு விநாடி கழித்துச் சேர்ந்தே எழுந்தன.

கண்ணாடி சார்தான் முதலில் அசைந்தார். "உங்க விசில் பெட்டி சூட்டுல..."

"உங்க ஏசி அறையிலயா சூடு? எனக்குக் குளுருது."

பன்னிரண்டுக்குள் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவையோடு கண்ணாடி சாரின் தோரணை கழன்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிரலின் உள்பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். தேடியது நாலாவது பக்கத்தில் அகப்பட்டது. கெயின் என்று ஒரு இடம். வரும் அலையை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதற்கான அளவு. அதன் பக்கத்தில் 'தானியங்கி' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

"இதை நான் பெட்டி வச்ச அன்னைக்கே எடுத்துட்டேனே!" என்றார். பிறகு அவரே மெல்ல, "போன மாசம் புதுப் பதிப்பு ஏத்தினோம். ஏத்தும்போது எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும்," என்றார்.

"போன மாசம்னா எந்த வாரம்?"

கேபிள் மாற்றிய அதே வாரம் என்பது அவருடைய முகத்திலேயே எழுதியிருந்தது.

"நான் ஒருத்தி மட்டும் அந்த வாரம் வேலை செய்யல போலிருக்கே சார்."

டிக்கை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அடுத்த தடவையும் வந்தது. இம்முறை கோடுகள் பள்ளத்தில் விழவில்லை. ஆனால் கந்தல் துணிபோலக் கிழிந்து ஆடின. ஒலிபெருக்கியில் ஒரு மாலுமியின் பேச்சு துண்டு துண்டாக உடைந்தது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

"டிக்கை எடுத்தாச்சு இல்ல, அப்புறம் என்ன?" என்றார் பொறுப்பாளர். இதற்குள் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"காதைப் பொத்துன கையைப் பிடிச்சு இழுத்துட்டோம். கத்துறவன் இன்னும் கத்திக்கிட்டுதான் இருக்கான்," என்றாள் ஏணியக்கா. "இப்ப காது கிழியுது. அவன் யாருன்னு பார்க்க வேணாமா?"

"திரையில வேற எதுவுமே இல்லையேம்மா," என்றார் கண்ணாடி சார். அம்மா என்ற சொல்லில் இப்போது நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது.

"இந்தத் திரை உங்க வீட்டு ஜன்னல் மாதிரி சார். அதுல ஒரு தெருதான் தெரியும். பெட்டியோட வாய்க்கு ஊரே வந்து சேருது. பக்கத்துத் தெருவுல வெடி போட்டா ஜன்னல்ல தெரியாது, காது மட்டும் அடைக்கும். நீங்க இங்கேயே இருங்க. கோடு ஆடினதும் ஜன்னல்லேர்ந்து கத்துங்க. நான் கீழ போறேன்."

கோபுரம் கட்டடத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அதன் காலடியில் ஒரு கான்கிரீட் மேடை, ஏறுவதற்கு ஐந்து இரும்புப் படி. ஏணியக்கா மேடை நிழலில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். அலையைக் கெடுக்கும் வெல்டிங் இல்லை, மோட்டார் இல்லை. வாசலில் சரக்கு லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து இறங்கி, லாரிக்காரனிடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வேகுவேகென்று கோபுரத்தை நோக்கி நடந்து வந்தார். ஐந்து படியும் ஏறி மேடையில் நின்று, இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"மூணாம் கிடங்கு, மூணாம் கிடங்கு, ஒரு வண்டி வருது..."

"ஆடுது! ஆடுது!" என்று மாடி ஜன்னலிலிருந்து கண்ணாடி சார் அலறினார்.

வாட்ச்மேன் வெலவெலத்துப்போய்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "எது ஆடுது? ஐயோ, விழப்போகுதா?" என்று ஒரே தாவில் ஐந்து படியையும் தாண்டிக் கீழே வந்து விழுந்தார்.

"ஒன்னும் விழாது தம்பி, எழுந்திருங்க." ஏணியக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "வாசல்ல வண்டி நிக்குது. பேசுறதுக்கு ஏன் இவ்வளவு தூரம் நடந்து வரீங்க?"

"என்னக்கா பண்றது. போன மாசம் புது வாக்கி-டாக்கி குடுத்தாங்க. கூண்டுல உக்காந்து பேசினா மூணாம் கிடங்குக்குக் கேக்கவே மாட்டேங்குது. கோபுரத்தடியில நின்னு பேசு, ஆன்டெனா இழுத்துக்கும், நல்லாப் போகும்னு சொன்னாங்க. வந்து பேசினா நல்லாத்தான் கேக்குது." மேடு என்பதால் கேட்கிறது, ஆன்டெனாவால் இல்லை என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? "பதினோரு மணிக்கு மேலதான வண்டி வர ஆரம்பிக்குது. மூணு மணி வரைக்கும் நடந்து நடந்து என் காலே போச்சு."

"சொன்னாங்கன்னா, யாரு சொன்னது?"

"நம்ம பொறுப்பாளர் சார்தான்."

மாடி ஜன்னலில் கண்ணாடி சாரின் தலைக்குப் பக்கத்தில் அப்போதுதான் வந்து நின்ற இன்னொரு தலை, வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது.

அவள் மாடிக்குப் போனபோது பொறுப்பாளர் தயாராக இருந்தார். பழைய தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார். புதுத் தாள் ஒன்றில் இரண்டு வரி எழுதியும் விட்டிருந்தார். "பாருங்கக்கா, உங்க பேரே இல்ல. 'காரணம் தெரியாத ஏற்ற இறக்கம், தானாகச் சரியாகிவிட்டது.' முடிஞ்சுது. உங்க அட்டை உங்ககிட்ட. எல்லாருக்கும் நல்லது."

அவள் உட்காரவில்லை. வரியின்மேல் விரலை வைத்துப் படித்தாள்.

"தானாச் சரியாச்சா? காலைலேர்ந்து இங்க நின்னது நானா, என் நிழலா?"

"வார்த்தைதானேக்கா..."

"செவ்வாய்க்கிழமை என் பேரை எழுதும்போது காரணம் நல்லாத் தெரிஞ்சுதே சார். புதன்கிழமை எப்படி மறந்துபோச்சு? காரணம் தெரியாதுன்னு இன்னைக்கு எழுதி வச்சா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இந்தக் கோப்பைப் புரட்டுவாரு. யாரு கடைசியா ஏறினதுன்னு பார்ப்பாரு. மறுபடி என் தலையில கட்டுவாரு. உங்க பருப்பு என்கிட்ட வேகாது. உள்ளதை எழுதுங்க."

"எழுதினா தலைமை அலுவலகம் கேள்வி கேக்கும். கண்ணாடி சா... இவருக்குத்தான் சிக்கல்," என்று பொறுப்பாளர் இன்ஜினியரைப் பார்த்தார். தன்னோடு சேர்ந்து அவரும் வாதாடுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

கண்ணாடி சார் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். எழுத எழுத வாய்விட்டும் சொன்னார், அவள் படித்துச் சிரமப்பட வேண்டாம் என்று. ரிசீவரின் கெயின், புதுப் பதிப்பு ஏற்றியபோது தானியங்கி நிலைக்கு மாறியிருக்கிறது. அதை நான் சரிபார்க்கத் தவறினேன். அருகில் பலமான வாக்கி-டாக்கி அலை வரும்போது ரிசீவர் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டது. ஆன்டெனா, கேபிள், ஜாயிண்ட் எதிலும் குறை இல்லை. சோதித்துக் காட்டியவர், என்று எழுதி, அவள் அட்டையைப் பார்த்து அதிலிருந்த பேரை முழுசாக எழுதினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள் என்று பொறுப்பாளர் முனகியதற்கு, "கேக்கட்டும் சார். இப்பதான் பதில் இருக்கே," என்றார்.

"வாட்ச்மேன் தம்பி பேரு அதுல வரக் கூடாது," என்றாள் ஏணியக்கா. "பேசுறது அவரு வேலை, பேசினாரு. வேணும்னா எங்க நின்னு பேசணும்னு சொல்லிக்குடுத்தவரு பேரைப் போடலாம்."

பொறுப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. "வாட்ச்மேன் கூண்டு மேல அவருக்குன்னு ஒரு தனி ஆன்டெனா வச்சிடலாம்," என்றார் அவசரமாக. "நாளைக்கே ஆர்டர் போடறேன். நீங்களே வச்சுக் குடுங்க அக்கா."

"அப்படி வாங்க வழிக்கு. கோபுரத்தை விட்டு அவரு தள்ளிப் போனாத்தான் காது கிழியறதும் நிக்கும்."

அவள் எல்லா வரியையும் இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தாள். இன்ஜினியர் வாசித்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விடுவதற்கு அவள் நேற்றுப் பிறந்தவளா? ஒன்றுதான் என்றதும், நகல் ஒன்று எடுத்துத் தரச் சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பு வாரை எடுத்து மாட்டினாள்.

"இப்ப எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் பொறுப்பாளர்.

"மேல. திங்கக்கிழமை யாரையோ ஏத்திவிட்டு என் ஜாயிண்ட் மேல இருந்த டேப்பைக் கிழிச்சுப் பார்த்தீங்க இல்ல? திறந்து போட்டுட்டு வந்திருக்காங்க, கீழேர்ந்து பார்த்தாலே டேப் தொங்குறது தெரியுது. மழை வந்தா உள்ள தண்ணி புகும். அப்ப நிஜமாவே குறை வரும், அதுக்கும் என்னைத்தான் கூப்பிட்டு நிக்கவைப்பீங்க."

"வெள்ளிக்கிழமைதான் கம்பெனி ஆட்கள் வராங்களே, அவங்களே மூடட்டும்."

"அவங்களுக்கு வர வேணாம்னு போன் பண்ணுங்க."

நீல அட்டையை நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொண்டு அவள் படியிறங்கினாள். கீழே காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் தன் கூண்டில் நின்று வணக்கம் வைத்தார். கோபுரத்தின் முதல் குறுக்குக் கம்பியில் கால் வைத்தபோது முட்டி ஒரு தடவை சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இரண்டாவது கம்பிக்குப் போனாள். கொக்கியை மாட்டினாள், ஏறினாள், கழற்றினாள், மேலே மாட்டினாள். முப்பதடி ஏறியபோது கீழே பார்த்தாள். பொறுப்பாளரும் கண்ணாடி சாரும் கோபுரத்தடிக்கே வந்து அண்ணாந்து நின்றிருந்தார்கள்.

"அக்கா, காத்து அடிக்குது, பத்திரம்!" என்று பொறுப்பாளர் கையைக் குவித்துக் கத்தினார்.

"எனக்குச் சொல்லாதீங்க சார்," என்று மேலேயிருந்து குரல் இறங்கியது. "என் கையில ஸ்பானர் இருக்கு. நீங்க தள்ளி நில்லுங்க!"